துறைமுகத்து மஞ்சள் மிதவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறைமுகத்துக்குள் கப்பல் வரும் பாதையை ஒட்டி, மஞ்சள் பூசிய மிதவை ஒன்று ஆடிக்கொண்டு நிற்கும். தலையில் கம்பம், கம்பத்தின் நுனியில் காற்றுமானி, இடுப்பைச் சுற்றி சோலார் தகடுகள். வானிலையையும் தண்ணீரின் நிலையையும் அளந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை கரைக்கு அனுப்புவது அதன் வேலை. அதைக் கழுவிவிடுவதும், அது அனுப்பும் எண்களைச் சந்தேகப்படுவதும் என் வேலை. படகோட்டிகள், மாணவர்கள், மீன்பிடிப்பவர்கள், எப்போதாவது கப்பல் அதிகாரிகள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது கப்பலுக்கு வழிகாட்டும் மிதவையா? எந்தப் பக்கமாகக் கடப்பது?

வழிகாட்டும் மிதவை இல்லை. கப்பல் பாதையின் ஓரங்களைக் காட்டுவது சிவப்பும் பச்சையும். மஞ்சளுக்குச் ‘சிறப்புக் குறி’ என்று பொருள். கடல்வழிக் குறிகளுக்கான சர்வதேச அமைப்பான ஐயாலா வகுத்த முறை இது. அந்த முறையில் உலகமே ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வட்டாரமாகப் பிரிந்து கிடக்கிறது: துறைமுகத்துக்குள் நுழையும்போது ஒன்றில் சிவப்பு இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். மஞ்சளுக்கு அந்தச் சண்டை கிடையாது, எங்கே போனாலும் ஒரே பொருள்தான். உச்சியில் குறி வைத்திருந்தால் அது பெருக்கல் குறி வடிவில் இருக்கும். இரவில் 20 விநாடிக்கு ஒருமுறை மஞ்சள் விளக்கு ஐந்து தடவை மினுக்கினால், கடல் தரவு சேகரிக்கும் மிதவை என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எந்தப் பக்கமாகவும் கடக்கலாம், நன்றாக ஒதுங்கிக் கடந்தால் சரி. பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதைப் பற்றி அந்த மஞ்சள் நிறம் எதுவும் சொல்வதில்லை. அதற்கு வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றை அளக்கக் கரையில் ஒரு கம்பம் நட்டால் போதாதா? எதற்கு இவ்வளவு பாடு?

கரையில் கம்பம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் துறைமுகக் கரை என்பது பளுதூக்கிகளும் கிடங்குகளும் ஐந்தாறு அடுக்குக் கண்டெய்னர்களும் நிற்கிற இடம். காற்று அவற்றில் மோதித் திரும்பி, சந்துகளில் பீறிட்டு, மறைவில் அடங்கி, கம்பத்துக்கு வரும்போது வேறு காற்றாகிவிடும். கப்பல் திரும்ப வேண்டிய இடத்தில் என்ன அடிக்கிறது என்பது அந்த இடத்தில் நின்று அளந்தால்தான் தெரியும்.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட துறைமுகங்கள் உண்டு. 1980 மே 9 அன்று அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் ‘சம்மிட் வென்ச்சர்’ என்ற சரக்குக் கப்பல் திடீர்ப் புயல்மழையில் சிக்கியது. எதிரே இருப்பது தெரியாத மழை, அதோடு சுழற்றியடித்த காற்று. கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் தூணில் மோத, பாலத்தின் ஒரு பகுதி சரிந்து 35 பேர் இறந்தார்கள். அதே விரிகுடாவில்தான் காற்று, நீரோட்டம், நீர்மட்டம் ஆகியவற்றை அந்தந்த நிமிடத்தில் மாலுமிகளுக்குச் சொல்லும் அமெரிக்காவின் முதல் துறைமுகத் தரவு அமைப்பு 1991இல் வந்தது. அட்டவணையில் அச்சிட்ட கணிப்பு ஒன்று, கண்ணெதிரே நடப்பது ஒன்று என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

என்னென்ன அளக்கிறது?

மேலே காற்றின் வேகம், திசை, காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம். கீழே தண்ணீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்ஸிஜன், கலங்கல், பச்சையம், அமிலத்தன்மை. நடுவில் அலையும் நீரோட்டமும். எல்லா மிதவையிலும் எல்லாம் இருக்காது. மழைமானி மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆடுகிற மேடையில், அலைத்துளி தெறிக்கிற இடத்தில் மழையை அளப்பது ஓடுகிற வண்டியில் கைமுறுக்கு சுற்றுவது போல.

மிதவை 15 நாட் என்கிறது, என் படகில் 18 நாட் காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர்.) முதலில் உயரத்தைக் கேளுங்கள். வானிலைக்காரர்கள் காற்றை ஒப்பிடுவது தரையிலிருந்து, அதாவது நீர்ப்பரப்பிலிருந்து, 10 மீட்டர் உயரத்தில். மிதவையின் காற்றுமானியோ மூன்று நான்கு மீட்டரில் இருக்கிறது. தண்ணீரோடு உரசுவதால் கீழே காற்று மெலியும். 10 மீட்டரில் 20 நாட் அடிக்கும்போது 3 மீட்டரில் பெரும்பாலும் பதினேழரை நாட் கிடைக்கும். வெளியிடும் எண் 10 மீட்டருக்குத் திருத்தப்பட்டதா, அளந்தபடியே இருக்கிறதா என்று தரவுக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். ‘காற்று வேகம்’ என்று தருவது வழக்கமாகப் பத்து நிமிடச் சராசரி. ‘வீச்சு’ என்பது அதற்குள் வந்த மூன்று விநாடி உச்சம். உங்கள் படகில் உள்ள கருவி காட்டுவது இந்த நொடி. சராசரியையும் நொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டைதான் வரும்.

நெரிசலான துறைமுகத்துக்கென்று இன்னொரு சிக்கல். பெரிய கண்டெய்னர் கப்பல் காற்று வரும் பக்கமாகக் கடந்து போனால், சில நிமிடங்களுக்கு மிதவை அதன் நிழலில் இருக்கும். வரைகோட்டில் காற்று திடீரென்று பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறுவதைப் பார்த்தால் வானிலை மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம், அந்த நேரத்தில் எந்தக் கப்பல் போனது என்று பாருங்கள்.

காற்றின் திசையும் நீரோட்டத்தின் திசையும் நேரெதிராக இருக்கின்றனவே?

அடிக்கடி வரும் குழப்பம். காற்றுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வோம், நீரோட்டத்துக்கு எங்கே போகிறது என்பதைச் சொல்வோம். தமிழில் வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, தென்றல் என்றால் தெற்கிலிருந்து வருவது. காற்றுக்கு அதே கணக்குதான். ஆக, ‘காற்று வடக்கு, நீரோட்டம் தெற்கு’ என்று மிதவை சொன்னால் இரண்டும் ஒரே பக்கம்தான் போகின்றன.

அலை ஒரு மீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் படகில் இரண்டு மீட்டர் அலை ஏறியது. மிதவை பொய் சொல்கிறதா?

இல்லை. ஆனால் அந்த எண்ணுக்கு நீங்கள் கொடுத்த பொருள் வேறு.

மிதவைக்குள் ஒரு முடுக்கமானி இருக்கிறது. அலை தூக்கிப் போடும் வேகமாற்றத்தை அது பதிவு செய்யும். அதை இரண்டு முறை தொகையிட்டால் எவ்வளவு ஏறி இறங்கியது என்பது கிடைக்கும். இப்படிச் சுமார் இருபது நிமிடம் சேகரித்த பின்தான் ஓர் எண் பிறக்கிறது. அந்த எண்ணின் பெயர் ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’. வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்வது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், படைகள் கரையிறங்குவதற்கு அலையைக் கணிக்க வேண்டியிருந்தபோது ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற கடலியலாளர்கள் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அனுபவமுள்ள மாலுமி கண்ணால் பார்த்து ‘அலை இவ்வளவு’ என்று சொல்வது ஏறத்தாழ இந்த எண்ணுக்குத்தான் வருகிறது. சின்ன அலைகளை அவர் மனம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எனவே ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால், ஆயிரம் அலைக்கு ஒன்று இரண்டு மீட்டரை நெருங்கும். அது விபத்தில்லை, கணக்கே அப்படித்தான். 2013 பிப்ரவரி 4 அன்று வட அட்லாண்டிக்கில் ஒரு மிதவை 19 மீட்டர் பதிவு செய்ததை உலக வானிலை அமைப்பு மிதவை அளந்ததில் உச்சம் என்று அறிவித்தது. அதுவும் இந்தச் சராசரிதான். தனி அலைகள் அதற்கும் மேலே போயிருக்கும். துறைமுகத்துக்குள் அப்படியெல்லாம் வராது, பயப்பட வேண்டாம்.

துறைமுகத்துக்குள் வேறு தொல்லை. இழுவைப் படகும் பயணிகள் படகும் கிளப்பும் அலையும் அதே கணக்கில் கலந்துவிடும். காற்றே இல்லாத காலையில் அலை உயரம் ஏறினால் அனேகமாகப் படகு நேரம்தான் காரணம். மறுபக்கம், கட்டிக் கிடக்கும் கப்பலைக் கயிறு அறும்படி முன்னும் பின்னும் இழுக்கும் நீண்ட அசைவு ஒன்று உண்டு. ஒரு நிமிடம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை துறைமுகத் தண்ணீர் முழுவதும் தொட்டித் தண்ணீர் போலத் தளும்புவது. அதை முடுக்கமானி கிட்டத்தட்ட உணராது, அவ்வளவு மெதுவானது. அதைப் பிடிக்க அடியில் அழுத்தமானியோ கரையில் நீர்மட்டமானியோ வேண்டும்.

உப்பை அளப்பதால் கப்பலுக்கு என்ன லாபம்? அது மீனுக்கான விஷயம் இல்லையா?

மீனுக்கும்தான். ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடல்நீர் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,025 கிலோ. ஆற்றுநீர் 1,000 கிலோ. கப்பல் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கி மிதக்கிறது. தண்ணீர் இலேசானால் கூடுதலாக ஒதுக்க வேண்டும், அதற்குக் கூடுதலாக அமிழ வேண்டும். கடலில் 12 மீட்டர் அமிழ்ந்து வரும் கப்பல் முழுக்க நன்னீருக்குள் நுழைந்தால் ஏறக்குறைய கால் மீட்டர் இன்னும் இறங்கும். ஒரு பெட்டி கூட ஏற்றவில்லை, ஆனாலும் அடிப்பாகம் தரையை நெருங்கிவிட்டது. கப்பலின் அடிக்கும் கால்வாயின் தரைக்கும் நடுவில் ஒரு மீட்டர் அளவே இடம் வைத்து ஓட்டும் துறைமுகங்களில் இந்தக் கால் மீட்டர் சின்ன விஷயமில்லை.

கப்பலின் பக்கவாட்டில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் ஏணிப் படிகள் போலச் சில கோடுகள் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடி, 1876இல் சட்டமாக வந்த பளு எல்லைக் குறியின் வழித்தோன்றல் அது. அந்தப் படிகளில் நன்னீருக்குத் தனிக் கோடு, கோடைக் கடலுக்குத் தனிக் கோடு, குளிர்காலத்துக்குத் தனிக் கோடு. ஆறு வந்து கலக்கும் துறைமுகத்தில் தண்ணீர் நன்னீரும் இல்லை, கடல்நீரும் இல்லை. ஆற்றின் மேல்பகுதியில் மழை பெய்தால் ஒன்று, கடல்நீர் ஏறும்போது வேறொன்று. இன்று எந்தக் கோட்டுக்கும் எந்தக் கோட்டுக்கும் நடுவில் நிற்கிறோம் என்பதற்கான விடையை உப்புத்தன்மையும் வெப்பநிலையும் சேர்ந்து தருகின்றன. கப்பல் அதிகாரி வாளியில் தண்ணீர் மொண்டு அடர்த்திமானி போட்டுப் பார்ப்பதை மிதவை நிறுத்திவிடாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் கப்பல் வருவதற்கு முன்பே அவருக்கு ஓர் அனுமானம் கிடைத்துவிடும்.

ஆக்ஸிஜன் விடியற்காலையில் இறங்கிவிடுகிறது. யாராவது இரவில் கழிவை விடுகிறார்களா?

உடனே யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். பகலில் நுண்பாசிகள் வெயிலில் ஆக்ஸிஜனை வெளிவிடும். இரவில் அவையும் மற்ற உயிர்களும் மூச்சு விட்டே கரைந்திருப்பதைத் தீர்க்கும். எனவே பிற்பகலில் உச்சம், சூரியன் எழுவதற்குச் சற்று முன் பள்ளம். இந்தத் தினசரி ஏற்ற இறக்கம் உடம்பில் நாடி போல. அது இல்லாவிட்டால்தான் உணரி (அளக்கும் சென்சார்) பழுதோ என்று நான் யோசிப்பேன்.

வெப்பமும் சேர்ந்துகொள்ளும். 10 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும், 30 டிகிரியில் 6 மில்லிகிராம் சொச்சம்தான். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சுத் திணறும் நிலை. விடியற்காலைப் பள்ளம் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. மிதவையின் உணரி மேற்பரப்புக்கு ஒரு மீட்டர் கீழேதான் தொங்குகிறது. வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த நீர் மேலே, குளிர்ந்த, உப்பு மிகுந்த நீர் கீழே என்று தண்ணீர் அடுக்காகப் பிரிந்துவிட்டால் மேல்காற்று அடிக்குப் போய்ச் சேராது. மேலே எண் அழகாக இருக்கும், அடியில் ஆக்ஸிஜனே இருக்காது. கரையிலிருந்து காற்று அடித்து மேல்நீரைக் கடல்பக்கம் தள்ளும் நாளில் அடிநீர் எழும்பி வரும். டோக்கியோ விரிகுடாவில் இப்படி எழும் நீர் கந்தகத்தால் பால்கலந்த நீலமாக மாறும். ‘அவோஷியோ’, நீல ஓதம் என்பார்கள். சிப்பிகளும் மீன்களும் கூட்டமாகச் சாகும். மேலே ஒரே ஓர் உணரி வைத்துவிட்டுத் ‘துறைமுக நீர் நலம்’ என்று அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நண்பகலில் பச்சையம் குறைவதாகக் காட்டுகிறதே, வெயிலில் பாசி செத்துப்போகிறதா?

சாகவில்லை. உணரி நீல ஒளி பாய்ச்சி, பாசி திருப்பிவிடும் சிவப்பு ஒளியை அளக்கிறது. உச்சி வெயிலில் பாசி மிகுதியான ஒளியை வெப்பமாக்கிக் கழித்துவிடுவதால் அந்தச் சிவப்பு மங்கும். இரவு எண்ணை நம்புங்கள்.

மிதவையை ஏன் அடிக்கடி எடுத்துக் கழுவுகிறீர்கள்? தண்ணீரில்தானே கிடக்கிறது?

தண்ணீரில் கிடப்பதால்தான். எதைப் போட்டாலும் முதலில் கொழகொழவென்று ஒரு படலம், பிறகு பாசி, பிறகு கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிர்), சிப்பி. சூடான, சத்து மிகுந்த துறைமுக நீரில் இரண்டு மூன்று வாரத்தில் உணரியின் கண்ணாடி மூடிக்கொள்ளும். கொடுமை என்னவென்றால் எண் சட்டென்று கெடாது. கலங்கல் நாளுக்குக் கொஞ்சம் ஏறும், உப்பு நாளுக்குக் கொஞ்சம் இறங்கும். பார்ப்பவருக்கு இயற்கையின் போக்கு போலவே தெரியும்.

ஒருமுறை கலங்கல் எண் மூன்று நாளாகத் தாறுமாறாகக் குதித்துக்கொண்டிருந்தது. தூர்வாரும் வேலை என்று நினைத்தோம். எடுத்துப் பார்த்தால் காப்புக் கூண்டுக்குள் ஒரு நண்டு குடியேறி, உணரிக் கண்ணின் முன்னால் உலாவிக்கொண்டிருந்தது.

துடைப்பான் வைத்த உணரிகள் உண்டு. செம்புத் தகடு சுற்றுவோம், செம்பு உயிர்களுக்கு ஆகாது. ஒரு காலத்தில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு எல்லாவற்றையும் விரட்டியது. சிப்பிகளையும் நத்தைகளையும் சேர்த்தே கெடுத்ததால் கப்பல் பூச்சுகளில் அது சர்வதேச உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டது. 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது அந்த உடன்படிக்கை. இன்றும் கடைசி மருந்து தூரிகையும் கையும்தான். கழுவுவதற்கு முன் ஓர் அளவு, கழுவிய பின் ஓர் அளவு எடுத்துக் குறித்துவைப்போம். அந்த வித்தியாசம்தான் கடந்த வாரங்களின் எண்கள் எவ்வளவு நழுவியிருந்தன என்று சொல்லும். மேலே பறவைகள் செய்யும் திருப்பணி தனி. சோலார் தகட்டின் மேல் எச்சம் படிந்தால் பேட்டரி பட்டினி.

பேட்டரியால் ஆபத்து உண்டா?

ஈய அமில பேட்டரி மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். மூடிய உலோக உடலுக்குள் அது தங்கினால் மிதவை வெடிகுண்டாகிவிடும். அதனால்தான் காற்றுத் துளை வைக்கிறோம். மூடியைத் திறந்தவுடன் உள்ளே தலையை விடாமல் காத்திருந்து, வாயுமானியால் பார்த்த பிறகே கைவைக்கிறோம். வேடிக்கை பார்க்க வருபவர்கள் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைப்பது எங்கள் கெட்ட கனவு.

எண்கள் எப்படி எங்களுக்கு வருகின்றன? சில நேரம் பழைய எண்ணே நிற்கிறதே?

துறைமுகத்துக்குள் கைபேசி அலைவரிசை கிடைக்கும், அதுதான் மலிவு. வானொலி வழியாகவும் அனுப்பலாம். செயற்கைக்கோள் மாற்று ஏற்பாடு. கப்பல்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் என்ற வானொலி முறை வழியாகக் கப்பல்களுக்கு நேரடியாகவும் போகும்: மிதவையின் இருப்பிடம் 21ஆம் வகைச் செய்தியில், காற்றும் நீரோட்டமும் 8ஆம் வகைச் செய்தியில். கப்பலின் திரையிலேயே அந்த எண்கள் தெரியும், கப்பலின் கருவி அந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்ததாக இருந்தால்.

தேதி நேரம் யூடிசியில், அதாவது உள்ளூர் நேரத்தில் இல்லாமல் உலகப் பொது நேரத்தில், இருக்கும். பாதிப் புகார்கள் இதைக் கவனிக்காததால் வருபவை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தரக்குறி இருந்தால் அதையும் பாருங்கள். கடல் தரவின் தரத்தைச் சோதிக்கப் பரவலாகப் பின்பற்றப்படும் குவார்டாட் முறையில் 1 என்றால் சோதனையில் தேறியது, 3 என்றால் சந்தேகம், 4 என்றால் தள்ளுபடி, 9 என்றால் எண்ணே இல்லை. எண் மாறாமல் ஒரே இடத்தில் நின்றால் கடல் அசையவில்லை என்று அர்த்தமில்லை, உணரி உறைந்துவிட்டது என்று அர்த்தம்.

நீர்மட்டம், புயல் எழுச்சி, சுனாமி எல்லாம் இதில் தெரியுமா?

நீர்மட்டத்துக்குக் கரையில் உறுதியாக நிற்கும் அளவுமானிதான் சரி. மிதவை காற்றழுத்தத்தைத் தரும். ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எழும். புயலின்போது காற்று தள்ளிக் குவிக்கும் நீர் இதற்கும் மேலே. சுனாமி மிதவை வேறு இனம். ஆழ்கடல் தரையில் அழுத்தமானி வைத்து, மேலே மிதவை செய்தி கடத்தும்.

மிதவை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா?

ஒரு வட்டத்துக்குள் நிற்கிறது. 12 மீட்டர் ஆழத்தில் 30 மீட்டர் சங்கிலி போட்டால், முழுக்க இழுபட்ட நிலையில் நங்கூரக் கட்டையிலிருந்து கிட்டத்தட்ட 27 மீட்டர் தள்ளிப் போகலாம். ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) திரும்பும்போது வட்டத்தின் மறுபக்கம் வந்துவிடும். ஜிபிஎஸ் அந்த வட்டத்தைத் தாண்டினால் எங்கள் கைபேசி அலறும். சங்கிலியில் சீக்கிரம் தேய்வது, அது தரையைத் தொட்டுத் தொட்டு எழும் பகுதி. மணலில் நாளெல்லாம் அரைபட்டு, விரல் பருமன் கண்ணி கம்பி போல இளைத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதில் படகைக் கட்டி மீன் பிடிக்கலாமா? அடியில் மீன் நிறைய நிற்கிறது.

நிற்கத்தான் செய்யும். கடலில் நிழல் தரும் எதன் அடியிலும் மீன் சேரும், உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் படகு கட்டினால் சங்கிலி இழுபட்டு மிதவை சாயும், காற்றுமானி படகில் இடித்து உடையும், அலைக் கணக்கில் உங்கள் படகின் எடையும் சேரும். வலையும் தூண்டில் கயிறும் உணரிக் கம்பியில் சிக்கினால் எங்களுக்கும் நஷ்டம், வலைக்கும் நஷ்டம். உலகம் முழுவதும் கடல் மிதவைகள் தரவு இழப்பதற்கு இப்படிக் கட்டுவதும் இழுப்பதும் உடைப்பதும் பெரிய காரணம். நாளை காற்று எழும்புமா என்று பார்த்துப் புறப்படுவதும் நீங்கள்தான், அந்தக் காற்றைச் சொல்வதும் இதே மிதவைதான். நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். மீன் அங்கேயும் வரும்.

மிதவை அறுந்து மிதந்து போவதைப் பார்த்தால்?

கட்டி இழுத்துவர முயல வேண்டாம். கீழே அறுந்த சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கும், அது உங்கள் சுழலியில் சுற்றும், இல்லையேல் படகை ஒரு பக்கம் சாய்க்கும். உள்ளே வாயு தேங்கியிருக்கவும் கூடும். இடம், நேரம், எந்தத் திசையில் போகிறது என்பதையும், உடலில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொண்டு துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு வானொலியில் சொல்லுங்கள். இரவானால் விளக்கு எரிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எரியாவிட்டால் மற்ற படகுகளை எச்சரிக்க அவர்கள் உடனே கிளம்ப வேண்டியிருக்கும்.